நிரலில் இல்லாத நிறுத்தம்

காரின் முன்பாதி மட்டும்தான் எங்களிடம் இருக்கிறது.
பின்பாதியை அறுத்து எங்கே போட்டார்கள் என்று
ஹெட்விக்குக்கும் தெரியாது.
முன்னால் வளைந்த திரை,
அடியில் ஆறு இயந்திரக் கால்கள்,
இருக்கைக்குப் பக்கத்தில் ஒரு நீல வாளி.
வளைவுகளில் சிலருக்குக் குமட்டும்;
கண் காண்கிற வேகத்தைக்
காது நம்ப மறுக்கிற வியாதி அது.

வெளியே உமேயோவில்
பிப்ரவரி மாதத்துப் பிற்பகல்.
உள்ளே எப்போதும் விடிகாலை நாலு மணி.
நான் தட்டச்சு செய்த பனி.
நான் நட்ட பைன் மரங்கள்,
பதினான்கே மரங்கள்தாம், திரும்பத் திரும்ப.
பதினேழாம் கிலோமீட்டரில்
நான் அவிழ்த்துவிடும் கடமான்
வலப்பக்கக் காட்டிலிருந்து
மாப்பிள்ளை நடையில் சாலைக்கு வரும்.

யார் எப்போது காலை எடுக்கிறார்கள்,
பார்வை எதன்மேல் எத்தனை நொடி தங்குகிறது,
இமையில் தூக்கம் எவ்வளவு கனக்கிறது,
எல்லாம் கோடுகளாக வந்து விழும்.
சாவு மட்டும் வராது.
இந்த வேலையில் எனக்குப் பிடித்ததே அதுதான்.

பன்னிரண்டாம் நபர் தூரே, மரம் ஏற்றும் லாரிக்காரர்.
எதிரே வந்த லாரிக்கு
ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரல் உயர்த்தினார்.
பதில் இல்லை.
அடுத்த லாரிக்கு உயர்த்தவில்லை.
இதை எந்தக் கட்டத்தில் பதிவது?

இருபதாம் நபர் மாணவன்.
மானை இடித்துவிட்டு இன்னொரு தடவை கேட்டான்.

இருபத்தாறு, இடித்ததும்
கதவைத் திறந்து இறங்கிவிட்டார்.
இருட்டுக் கூடத்தில், மேடையின் விளிம்பில்,
மான் விழுந்திருக்க வேண்டிய பக்கத்தையே
பார்த்தபடி நின்றார்.
கீழே மூன்று மீட்டரில் சிமெண்டுத் தரை.
ஏணியை உருட்டிக்கொண்டு போகும்வரை
நாங்கள் மூச்சுவிடவில்லை.

முப்பத்தொன்று குன்வோர்.
இரவு முழுக்கப் பத்திரிகை போட்டுவிட்டு
நேராக வந்திருந்தாள்.
விரல்நுனியில் அச்சு மை.
காபி கூடாது என்றோம்.
முறைத்தாள், உட்கார்ந்தாள்.

ஒன்பதாம் கிலோமீட்டரிலேயே அவள் கோடு
குடித்தவன்போல் தள்ளாடியது.
“இவள் இடிப்பாள்” என்றாள் ஹெட்விக்.

பதினொன்றில் ஒரு பேருந்து நிழற்குடை.
மரப்பலகை, கூரைமேல் பனி.
காட்சி வெறிச்சென்று இருக்கக் கூடாதென்று வைத்தது.
உள்ளே யாரையும் நிறுத்தவில்லை,
நேரமில்லை எனக்கு.

குன்வோர் பிரேக்கை மிதித்தாள்.
பதறாமல்.
ஐம்பது, இருபது, பூஜ்யம்.
தலையைத் திருப்பி ஏழு நொடி உள்ளே பார்த்தாள்.
இண்டிகேட்டர் போட்டாள்,
மறுபடி கிளம்பினாள்.

பதினேழில் மானை இடித்தாள்.

“நிழற்குடையில் யாராவது தெரிந்தார்களா?”
“இல்லையே.”
“பிறகு ஏன் நிறுத்தினீர்கள்?”
“இல்லை என்று
நிறுத்திப் பார்த்தால்தானே தெரியும்?
விளக்கில்லாத இடம்.
பையன்கள் எல்லாம் கறுப்பு ஜாக்கெட்.”
காபி எங்கே என்று கேட்டாள்.
இரண்டு கோப்பை குடித்துவிட்டுப்
பேருந்தில் வீட்டுக்குப் போனாள்.

தூண்டல் இல்லாத எதிர்வினையை
நீக்கிவிட வேண்டும் என்பது விதி.
விதியை எழுதியதும் நான்தான்,
போன வருடம், ஒரு நல்ல நாளில்.
நீக்கினேன்.
முப்பதுக்கு அடுத்தது முப்பத்திரண்டு.

ஹெட்விக் கிளம்பியபின்
அரைக் காரில் ஏறி உட்கார்ந்தேன்.
அந்தப் பதினான்கு மரங்களும்
முகம் தெரிந்தவர்கள்போல் கடந்து போயின.
பதினொன்றில் நிறுத்தினேன்.

உள்ளே யாருமில்லை என்று
என்னைவிட நன்றாக அறிந்தவர் உண்டா?
ஆனாலும் பார்த்தேன்.
பலகைக்கும் பலகைக்கும் நடுவே இருட்டு,
அதுவும் நான் கொடுத்த நிறம்.
ஏழு நொடி போதவில்லை.

கிளம்பு என்று ஹாரன் அடிக்க
பின்னால் ஒரு வண்டியைக்கூட
எழுதி வைத்திருக்கவில்லை நான்.