குண்டுமணித் தங்கம்

அரை கிராம் தங்கம் வாங்கினேன் என்றதும்
போனில் அம்மாவின் குரலே மாறிவிட்டது.
மோதிரமா, மூக்குத்தியா?
ஆவியாக்க, என்றேன்.
நேரு வீதிக் கடைக்காரரும் அந்த மௌனத்தோடுதான்
இரண்டு முறை எடை போட்டுக் கொடுத்தார்.

வெள்ளி மலிவு. ஆனால் காலாப்பட்டில்
கடல் ஜன்னல் வழியே ஏறி வந்து
ஒரே வாரத்தில் அதைக் கறுக்கடித்துவிடும்.

இப்போது அதில் ஒரு துணுக்கு
சில்லின் மேல் படலமாகக் கிடக்கிறது,
ஐம்பது நானோமீட்டர் கனத்தில்.
அதன் தலைக்கு மேல், தொடாமல், ஓர் ஊசி.
இடைவெளியைத் தாவும் எலக்ட்ரான்களில்
லட்சத்தில் ஒன்று
போகிற போக்கில் கொஞ்சம் சிவப்பைச் சிந்துகிறது.
பார்க்க முடியாது. எண்ணலாம்:
வினாடிக்கு நானூறு, நானூற்றுப் பத்து.

பக்கத்தில் ஓர் ஆடி.
மயிரிழையில் ஆயிரத்தில் ஒரு பங்கு நகர்த்தினால்
நானூறு அறுநூறாகிறது.
இன்னும் கொஞ்சம் நகர்த்தினால்
இருநூறு.
அந்த நேரம் பார்த்து ஈசிஆரில் சென்னை பஸ்.
திரையில் கலைந்த எறும்பு வரிசை.
பஸ் போனால் லாரி, லாரி போனால் எவனோ புல்லட்டில்.
கடலும் அடித்துக்கொண்டுதான் இருக்கிறது;
அதன் மெதுவான அடியை மேஜை தாங்கிக்கொள்ளும்.

இரண்டரை மணிக்கு ரோடு அடங்கிய பிறகு வந்தது,
ஏற்றம், இறக்கம், மறுபடி ஏற்றம்,
முந்நூற்று இருபத்தைந்து நானோமீட்டருக்கு ஒரு தடவை.

கொட்டிய அரிசியை முறம் வாரித் தருவதுபோல
ஆடி வெளிச்சத்தை வாரித் தருகிறது என்றுதான்
நான் நினைத்திருந்தேன்.
அமலோற்பவம் கேட்டாள்:
வாரினால் கூடத்தானே வேணும்,
ஏன் குறையுது?

குறைந்த இடத்தில் ஒளி
எங்கேயும் ஒளிந்துகொள்ளவில்லை.
பிறக்கவே இல்லை.
புறப்பட்ட அலை ஆடியில் பட்டு
புறப்பட்ட வாசலுக்கே வந்து நிற்கிறது.
அடி ஒத்துப்போனால் உலோகம் இன்னும் கொடுக்கிறது.
அரை அடி பிசகினால்
தனக்குள்ளேயே சூடாக வைத்துக்கொள்கிறது.
ஆடி தொடவில்லை. எதையும் சேர்க்கவும் இல்லை.
அங்கே நிற்கிறது, அவ்வளவுதான்.

அவள் நாற்காலியைப் பின்னால் தள்ளிச் சோம்பல் முறித்தாள்.
ஆறு மாதமாக ஒரே அறை.
சில ராத்திரி அவள் அங்கே இருப்பதாலேயே
எனக்குச் சட்டென்று ஒரு வரி பிடிபடும்.
அதே நாற்காலி, அதே பக்கம்,
சில ராத்திரி ஒரு வார்த்தை எழும்பாது.
அதற்கு அளவுகோல் கிடையாது என்று விட்டுவிட்டேன்.
இப்போது சந்தேகமாக இருக்கிறது.

சொல்ல வாயெடுத்தபோது
ஊசி தங்கத்தில் முட்டியது.
எண்ணிக்கை பூஜ்யம்.
அவள் தலையில் கை வைத்துக்கொண்டாள்.
மிச்சம் எவ்வளவு இருக்கு?
பெட்டியைத் திறந்து காட்டினேன்,
குண்டுமணி அளவு கூட இல்லை.

திங்கட்கிழமை நேரு வீதி.
இந்தத் தடவை அம்மாவிடம் சொல்லப்போவதில்லை.