பிறப்பாலா, பதிவாலா

தலவாக்கலையில் கடை திறந்து பன்னிரண்டு வருடம்.
குவைத், கட்டார், மாலைதீவு,
எல்லா நாட்டுக் கட்டங்களும் எனக்கு மனப்பாடம்.
ஊராரின் பெயர்களை அடித்து அடித்தே
இரண்டு விரலில் வேகம் வந்தது.
இன்றுதான் என் பெயரை அடிக்கிறேன்.

திட்டம் சின்னது.
வெள்ளிக்கிழமை போயா, பிறகு சனி, ஞாயிறு,
திங்களும் செவ்வாயும் கதிரேசனுக்கு கராஜில் லீவு.
கொழும்பிலிருந்து திருச்சி, இரவு பஸ்,
விடிய கூடலூர்.
அங்கே சின்னம்மா மகள் யோகமலர்.
திரும்பும் வழியில் ஊட்டி.
கதிரேசனுக்கு அந்தப் பூங்காவைப் பார்க்கணுமாம்.

யோகமலரை நான் தொட்டதில்லை.
பேச்சின் நடுவே முகம் உறைந்துபோகும்,
வாய் திறந்தபடி, ஒரு கண் பாதி மூடி.
அப்படியே பழகிவிட்டது அவள் சாயல்.

விலாசம்: வீட்டு இலக்கம், வீதியின் பெயர்.
எங்களுக்கு வீதி இல்லை, டிவிசன்தான் உண்டு.
மேற்பிரிவு, ஏழாம் லயம் என்றால்
சிவப்பு எழுத்தில் முறைக்கிறது.
கடை விலாசத்தைப் போட்டேன். அடங்கியது.

வருகையின் நோக்கம்.
கொழும்பு ஏஜென்ட் ரிஸ்மி போனில் சொன்னான்:
"சொந்தக்காரங்க என்று போடாதீங்க அக்கா,
அவங்க கடிதம், கார்டு எல்லாம் கேட்பாங்க.
சுற்றுலா போடுங்க, லேசு."
போட்டேன்.
தேயிலை மலையிலிருந்து கிளம்பி
தேயிலை மலையைப் பார்க்கப் போகும்
உல்லாசப் பயணி நான்.

அந்நேரம் ஒரு வெள்ளைக்காரப் பையன்
ரயில் டிக்கட் பிரின்ட் எடுக்க வந்தான்.
எல்ல வரை கதவில் தொங்கிக்கொண்டு போவானாம்.
விசா எப்படி எடுத்தாய் என்று கேட்டேன்.
"கக்கூஸில் இருந்தபடி" என்று சிரித்தான்.
நாற்பது ரூபாய்க்கு நூறு தந்து
மிச்சம் வேண்டாம் என்றான்.
கூப்பிட்டு, எண்ணிக் கொடுத்தேன்.

அடுத்த கட்டம்:
பிரஜாவுரிமை பிறப்பாலா, பதிவாலா?

எத்தனை பேருக்கு இதை
யோசிக்காமல் தட்டியிருப்பேன்.

நான் பிறந்தது எண்பத்தொன்றில், டிக்கோயா ஆஸ்பத்திரியில்.
எனக்கு நாடு வந்தது எண்பத்தெட்டில்.
அந்த ஏழு வருடத்தில்
அம்மை போட்டது, பால்பல் விழுந்தது,
பள்ளிக்கூட வரிசையில் நின்று
தேசிய கீதமும் பாடினேன், சத்தமாக.
எந்த நாட்டுக்காரியாகப் பாடினேன் என்று
டீச்சருக்கும் தெரியாது.
சின்னம்மாவுக்கு வேறு நாடு விழுந்தது.
அடுத்தடுத்த கதவுதான்,
ஒரே கூரைத் தகரம்.

பதிவால் என்று தட்டினேன்.
சான்றிதழைக் காட்டு என்றது.
சான்றிதழில் கோகிலம், பாஸ்போட்டில் கோகிலவாணி.
சமாதான நீதவானிடம் சத்தியக் கடதாசி,
ஆயிரத்து ஐந்நூறு.
இருவரும் ஒருவரே என்று கையெழுத்திட்டார்,
என்னை ஒருமுறையும் நிமிர்ந்து பாராமல்.

போயா வந்தது, விசா வரவில்லை.
எங்களுக்காக வாங்கிய ஆட்டிறைச்சியை
பக்கத்து வீட்டோடு சேர்ந்து சாப்பிட்டார்களாம்.
டிக்கட் திகதி மாற்ற தலைக்குப் பதினெட்டாயிரம்.
கராஜ் முதலாளி சொன்னார்:
"லீவுதானே? அடுத்த போயாவுக்குப் பார்ப்போம்."

சனிக்கிழமை என்னுடையது வந்தது.
புதன்கிழமையே வழங்கிவிட்டார்களாம்.
முப்பது நாள், ஒரே ஒரு நுழைவு,
எண்ணிக்கை புதனிலிருந்து.
கதிரேசனுடையது இன்னும் பரிசீலனையில்.
சுவர் கலண்டரில் விரல் வைத்து எண்ணினேன்.
விசா முடிவது வெள்ளிக்கிழமை.
அடுத்த போயா சனிக்கிழமை.
மறுபடி எண்ணினேன். அதேதான்.

என் மெஷினிலேயே பிரின்ட் எடுத்தேன், கலரில்.
ஐம்பது ரூபாயை லாச்சியில் போட்டேன்,
கணக்கு கணக்குதானே.

இரவு கதிரேசன்
கிறீஸ் போகாத நகங்களால் அந்தத் தாளை
ஓரத்தில் மட்டும் பிடித்துப் பார்த்தான்.
பெயரை எழுத்தெழுத்தாக வாசித்தான்.
பிழை எதுவும் இல்லை என்றான்.
பிறகு, விளக்கை அணைத்த பின்:
"நீ போயிட்டு வா.
அந்தப் பூங்காவை மட்டும்
மெதுவா நடந்து வீடியோ எடு."