முப்பத்தெட்டாம் எண் ஊருக்கு வந்தது

கோரன் துறையில் படகு பழுது.
மூன்று நாள் பிந்தி
டோர்மட் பொட்டலத்தைக் கொண்டுவந்தான்,
மழைக்கோட்டுக்குள் பூனைக்குட்டியைப்போல் அணைத்து.
"எரியுமா இது?"
"நனைந்தால் கோபப்படும்."
கையெழுத்தை வாங்கிக்கொண்டு
ஓட்டமும் நடையுமாகப் போய்விட்டான்.

எண்ணெய்க்குள் பத்து கிராம்.
எந்த நாட்டு ஆலையோ உருக்கி
சீசாமேல் ஒட்டியிருந்தது
எங்கள் ஊரின் பெயரை.
ஸ்ட்ரான்டீயன் மலையில் ஈயம் தோண்டியவர்கள்
உதவாதென்று ஓரம் கொட்டிய கல்
அந்தப் பெயரை எடுத்துக்கொண்டு உலகுக்குப் போனது.
கல்லாகப் போனதுதான்.
உலோகமாக இந்தப் பக்கம்
இன்றுதான் தலை காட்டுகிறது.

நாளைக்கு வகுப்பு, இன்றிரவு ஒத்திகை.
ஆய்வுக்கூடத்தில் நானும்
இருமிக்கொண்டிருக்கும் ஹீட்டரும்.
ஐந்து பீக்கர் வைத்தேன்.

முதலாவது காலி.
பெரிலியத்தைப் பள்ளிக்குள் விடமாட்டார்கள்,
அதன் தூசி நெஞ்சைத் தின்னும்.
விட்டாலும் தண்ணீரைத் திரும்பிப் பாராது.
இருக்கும் இரண்டு எலக்ட்ரானை
இடுப்பு முடிச்சில் இறுக்கிய கஞ்சன்.

மக்னீசிய நாடாவைத் தேய்த்துப் போட்டேன்.
எதுவும் நடக்கவில்லை என்று எழுதிவிடாதீர்கள்.
தேநீர் ஆறும்வரை பொறுத்தால்
விளிம்பில் கடுகளவாய் ஒரு குமிழ்,
அப்புறம் இன்னொன்று.
நீராவியில் சுட்டுக் காட்டினால்தான்
கண்கூச எரியும்.
சொன்னால் கேளாத ஜாதி.

கால்சியம் மூழ்கியது.
யோசித்தது.
தன் குமிழ்களே தூக்கிவிட மேலே வந்து
மறுபடி மூழ்கியது.
தண்ணீர் சுண்ணாம்பாய்க் கலங்கியது.

இனி நம்மூர்க்காரர்.
கத்தியில் அறுத்த முகம் வெள்ளி,
பெயர் சொல்லி முடிப்பதற்குள் மஞ்சளோடியது.
தண்ணீரில் விட்டதும் யோசனையே இல்லை,
சீறல்தான்.
தாளிக்கும் சட்டிபோல் ஒரு சத்தம்,
துண்டு காணாமல் போனது.

காரணம் எனக்குப் பாடம்.
ஒரு படி இறங்க ஒரு கூடு கூடுகிறது.
அணுக்கரு அதே ஆசையோடுதான் இழுக்கிறது,
நடுவில் நிற்கும் கூட்டம் மறைக்கிறது,
வெளியில் நிற்கும் இரண்டுக்கும்
இழுப்பது உறைப்பதில்லை.
இதைக் கரும்பலகையில் எழுதலாம்.
கழியின் வாயில் நின்ற ஈவருக்கு
எழுத முடியவில்லை.

பதினொரு ஆண்டுக்கு முன், நவம்பர்.
சூனார்ட் கழிக்கு மேலே
என் தம்பி விட்ட அபாயத் தீ,
நாற்பது நொடிச் சிவப்பு.
அந்தச் சிவப்பு எந்த உப்பு என்று
கரையில் நின்றவர்களில் எனக்குத்தான் தெரியும்,
வருடந்தோறும் நிறுத்துக் கொடுப்பவள் நான்.
ஊர்ப்பெயரைத்தான் எரித்தான் வானத்தில்.
எல்லோரும் பார்த்தோம்.
எல்லோரும் ஓடினோம்.
படகுகள் எட்டியபோது
தண்ணீர் தன் பாட்டுக்கு இருந்தது.

ஐந்தாவது பீக்கரும் காலி.
பேரியம் வாங்கப் பள்ளியில் காசில்லை.
அதை நான் வயிற்றால் அறிவேன்:
ஃபோர்ட் வில்லியம் மருத்துவமனையில்
சுண்ணாம்புக் கஞ்சிபோல் ஒரு குவளை,
எக்ஸ்ரே திரையில் என் குடல் வெள்ளை நதி.
தனியே விட்டால் நரம்பை முறுக்கும் நஞ்சு,
சல்பேட்டின் கையைப் பிடித்துவிட்டால்
எதிலும் கரையாமல்
வந்த வழியே போய்விடும்.
இந்தக் குடும்பத்தில் கீழே போகப்போகத்
தண்ணீரோடு சண்டை கூடும்,
அந்தப் பிடியும் கூடும்.

ஆறாவது ஒன்றுண்டு.
இருட்டில் தானே தெரியும்,
அதை அழைக்க வேண்டாம்.

பீக்கர்களைக் கழுவிக் கவிழ்த்தேன்.
மிச்சம் ஒன்பதரை கிராம், எண்ணெய்க்குள்.
பதிவேட்டில் தேதி, எடை, நீரின் சூடு.
'எங்கிருந்து வந்தது' என்ற கட்டத்தில்
பேனா கொஞ்சம் நின்றது.
ஜன்னலுக்கு வெளியே மலை,
அதன் வயிற்றில் மூடிய சுரங்கம்.

அஞ்சலில், என்று எழுதினேன்.