ஒன்றாம் நம்பர்

கல்முனைக் கடையில் இரண்டு சுவிச் காட்டினார்கள்.
மலிந்ததைத் திருகினேன்:
விழப்போகும் பல்லைப் போல ஆடியது.
மற்றதன் முதுகில் தடித்த செப்புக் குமிழ்கள்,
முகத்தில் நாலு நிலை:
ஒன்று, இரண்டு, இரண்டும், நிறுத்து.
பேரம் பேசவில்லை.

ஒன்றாம் பற்றறி எஞ்சினுக்கு மட்டும்.
இரண்டாவதில் லைட், ரேடியோ, ஜிபிஎஸ்,
மச்சான் சியாமின் போன்.

ஒலுவிலுக்குக் கிழக்கே முப்பது மைல்.
வலை மிதக்கிறது, எஞ்சின் உறங்குகிறது.
லைட் மஞ்சளாகி
தேநீர் நிறத்துக்கு வந்துவிட்டது.
போனுக்குள் ஆறு நாள் பிள்ளை
கொட்டாவி விடுகிறது,
அதே கொட்டாவி, திரும்பத் திரும்ப.

சியாமின் கை ‘இரண்டும்’ பக்கம் போனதைக்
கண்ணை மூடிக்கொண்டே கண்டேன்.
ஐந்து கொட்டாவி வரை பொறுத்தேன்.
பிறகு எழும்பி
டக்கென்று நிறுத்தினேன்.

இருட்டு, கேட்காமல் போட்டில் ஏறி
நடுவில் உட்கார்ந்தது.
கம்பத்தில் டோர்ச்சைக் கட்டினோம்.
நெடுநேரம் கழித்து,
“நாளைக்குப் பேர் வைக்கணும் மச்சான்” என்றான்.

விடிய, கச்சான் முகத்தில் அடிக்க,
சுவிச்சை ஒன்றுக்குத் திருப்பினேன்.
எஞ்சின் ஒரு தரம் இருமியது.
மறுதரம் பிடித்தது.
அந்த இரைச்சலுக்குள் சியாம்
ஒரு பேரைச் சொன்னான்.
எனக்குக் கேட்கவில்லை.
தலையை மட்டும் ஆட்டினேன்.