நாற்பது டிகிரி ஆவி

மாங்கூழ் ஆலைக்குப் புதுக் கொதிகலன் பூட்ட
தாய்லாந்திலிருந்து கிருஷ்ணகிரி வந்த நரோங்,
முதல்நாளே தரையில் ஒரு மூடி ஊற்றினார்.
இடத்துக்காரருக்காம்.
"முனியப்பனுக்குச் சுருட்டும் வேணும்" என்று
வாட்ச்மேன் பச்சமுத்து ஒன்று பற்றவைத்தார்.

வேலை முடிந்த அன்று போத்தலை எங்களிடம் நீட்டி
கைபேசியிடம் ஏதோ சொன்னார்.
அது தமிழில் சொன்னது:
"இது எங்கள் பாரம்பரிய ஆவி."
பரிசோதனைக்கூடத்துக் கற்பகவல்லி ஓரடி தள்ளி நின்றாள்.
நான் முகர்ந்தேன்.
அந்த நெடியில் எனக்கு வயது ஒன்பது.

அரிசியை அவித்து,
மூலிகை பிசைந்த மாவுருண்டையை நுணுக்கித் தூவி
பானையில் மூடிவைப்பார்களாம்.
ராஜா காலத்தில் குத்தகைக்காரன் வரி கேட்டான்,
பிறகு சர்க்கார் உரிமம் கேட்டது,
நரோங்கின் சித்தப்பா காட்டுக்குள் போய்விட்டார்.
நாய் குரைத்தால் அடுப்பை அணைக்க வேண்டும்.
"சித்தப்பா ஆவியை வைக்கோலில் ஒளித்தார்"
என்றது கைபேசி.
கற்பகவல்லி வெளியே போய்விட்டாள்.

எங்களுக்கு வெல்லம், வேலம்பட்டை.
அஞ்செட்டிப் பக்கம்
ஓடை மணலில் புதைத்த ஊறல்.
எங்களிடம் நாய் இல்லை, நான்தான்.
ஜீப் சத்தம் கேட்டால்
ஆடு தொலைந்ததுபோல் கத்த வேண்டும்.
ஒருநாள் தூங்கிவிட்டேன்.
அம்மாவுக்கு ஏழு மாதம், வேலூரில்.

போத்தலை வீட்டுக்குக் கொண்டுபோனேன்.
அம்மா இப்போது மகளிர் குழுவுக்குப் பொருளாளர்,
கணக்கு நோட்டை மூடிவிட்டு
கரண்டியில் கொஞ்சம் ஊற்றித் தீக்குச்சி கிழித்தாள்.
நீலமாக எரிந்தது.
"அரிசி" என்றாள்.
"மொத வடிசலக் கொட்டிட்டிருக்கான். நல்ல கை. யாரு?"
"நரோங்கோட சித்தப்பா.
இப்ப அவங்க ஊர்ல லைசென்ஸ் குடுக்கறாங்களாம்."

"லைசென்ஸா."
சுடர் அணையும்வரை பார்த்தாள்.
"லைசென்ஸ்" என்றாள் மறுபடி,
கரண்டி சுட்டதோ என்னவோ,
விரலை உதறிக்கொண்டாள்.

முப்பத்தோரு வருஷம் சொல்லாததைச் சொன்னேன்:
"அன்னிக்கு நான் தூங்கிட்டேம்மா."
"தெரியும்.
எடுத்துட்டுப் போறப்போ பாத்தேன்,
பாறமேல வாயத் தெறந்துட்டுக் கெடந்த.
கத்தி எழுப்பிடாதீங்கன்னு
அந்த ஏட்டுகிட்டச் சொன்னதே நான்தான்."

பிறகு போத்தலை வெளிச்சத்தில் திருப்பினாள்.
ஜிலேபி ஜிலேபியாக எழுத்து.
"கண்ணாடி கனமா இருக்கு.
மிச்சத்த முனியப்பனுக்கு ஊத்திட்டுக் கழுவி வை,
நல்லெண்ணெய்க்கு ஆகும்."