அரை கிரெடிட்

உருளைக்கிழங்கு அறுவடைக்கென்று
மூன்று வாரம் மூடிக் கிடந்த பள்ளி
திறந்த அன்றே கூப்பிட்டு அனுப்பினார்
ஆலோசகர் திபடோ.
திரையை என் பக்கம் திருப்பினார்.
கணக்கு சரி, வேதியியல் சரி,
ஆங்கிலம் இந்த வருடத்தோடு சரி.
உடற்பயிற்சியில்தான்
அரை கிரெடிட் குறைகிறது, டெல்ஃபீன்.
அது இல்லாமல் ஜூனில் மேடை ஏற முடியாது.

கைகளை மேசைக்கடியில் வைத்துக்கொண்டேன்.
நகக்கண்ணில் இன்னும் மண்.
விடியுமுன் பனியில் நின்று
பெல்ட்டில் ஓடிவரும் கிழங்குக்கு நடுவே
கல்லைப் பொறுக்கிப் பொறுக்கி எறிந்ததில்
தோள் இரண்டும் என்னுடையவை இல்லை.
இதற்கெல்லாம் கிரெடிட் உண்டா, சார்?
சிரித்தார்.
ஜனவரியில் பேட்மிண்டன் வகுப்பில் இடமிருக்கிறதாம்.
சரி. பேட்மிண்டன்.

இரவு, சமையலறையில்
உதவித்தொகைப் படிவம்.
பள்ளி இரவல் தந்த மடிக்கணினியில்
அம்மா ஒற்றை விரலால் தட்டுகிறாள்.
எதிரே நான்,
'என்னை மாற்றிய ஒரு சவால்'
அறுநூற்றைம்பது சொல்லுக்குள்.
நானூறு எழுதி
நானூறையும் அழித்தாயிற்று.

வீட்டில் எத்தனை பேர்?
அந்தக் கேள்வியில் அவள் விரல் நின்றது.
"நான், அப்பா, ரேமி, ஒடீல்...
அடுத்த வருஷம் உன்னைச் சேர்க்கிறதா, வேண்டாமா?"
குறிப்பைப் படித்துச் சொன்னேன்:
வெளியூரில் படித்தாலும் சேர்க்கலாமாம்.
"இன்னொரு தடவை படி."
படித்தேன்.
ஐந்து என்று அடித்தாள்,
தேவைக்கு மேல் அழுத்தி.

என் பட்டியலில் ஒரு கல்லூரி
பேருந்தில் பதினோரு மணி நேரம்.
அதை இன்னும் அவளிடம்
சொல்லவில்லை.