அஞ்சு நிமிஷத்துல வந்துரும்

பத்து மணி. எழுமலை ஃபீடர் தொண்ணூற்றாறு ஆம்பியர்.
செக்கானூரணி நூற்றுப் பன்னிரண்டு.
சித்திரை வெக்கை. உசிலம்பட்டி மொத்தமும் ஃபேன் போட்டுப் படுத்திருக்கும் பாரம்
என் மீட்டர் முள்ளில் நடுங்குகிறது.
பதிவேட்டில் ‘குறிப்பு’ என்று அச்சடித்து
யாரும் நிரப்பாத கடைசிக் கட்டத்தில்
பென்சிலால் எழுதுகிறேன்: இல்லை.

ஒரு வருஷமாக இதே சொல்.
ஏ.இ. ஒருநாள் கேட்டார், என்னம்மா இல்லை?
ஃபால்ட் இல்லை சார் என்றேன்.
பொய்யும் இல்லை.

வடக்கே உச்சிக்குக் கொஞ்சம் கீழே
ஒடிந்த வளையல் துண்டாக ஏழு விளக்கு.
ஆறாவது விளக்குக்குப் பக்கத்தில்
ஓர் இடம் சும்மா கிடக்கிறது.
சும்மா இல்லை, அங்கே இருவர் குடித்தனம்.
ஒன்று ஊதிப் பெருத்த சிவப்பு.
மற்றது வெள்ளை, பூமியத்தனைதான், செத்துப்போனது,
ஆனால் சூரியனைவிடக் கனம்.
செத்தது உயிருள்ளதன் மேல் கொக்கி போட்டிருக்கிறது.
தோட்டத்து மோட்டாருக்கு ராத்திரியில் லைனில் மாட்டுவார்களே,
அதே கொக்கி.
எண்பது வருஷம் திருடித் திருடிச் சேர்த்து
ஒருநாள் தாங்காது.
நாலைந்து ராத்திரிக்கு வெறுங்கண்ணுக்கே தெரியுமாம்.
பிறகு மறுபடி கொக்கி.

போன தடவை நாற்பத்தாறில்.
எங்கள் ஊருக்குக் கம்பம் வராத காலம்.
அன்றைக்குக் களத்தில் தூக்கம் பிடிக்காத யாரோ
அண்ணாந்து பார்த்து, ஒன்று கூடுதலா இருக்கே என்று
எண்ணி முடிக்காமலே
புரண்டு படுத்திருக்கலாம்.

இந்தத் தடவைக்குத் தேதி சொன்னார்கள்.
செப்டம்பருக்குள் என்றார்கள். செப்டம்பர் போனது.
மார்ச் என்றார்கள். அப்புறம் நவம்பர்.
எனக்குக் கோபமில்லை,
நானும் அதே பிழைப்புதான்.
கரண்டு எப்பம்மா வரும்?
அஞ்சு நிமிஷத்துல வந்துரும்.

ஒன்று நாற்பதுக்கு ரிலே விழுந்தது.
எர்த் ஃபால்ட். எழுமலை ஃபீடர் மொத்தமும் இருட்டு.
ஒச்சப்பன் டார்ச்சும் கழியும் எடுத்துக்கொண்டு
டிவிஎஸ்ஸை மிதித்தார்.
அவர் பார்த்துச் சொல்லும்வரை
பிரேக்கரைத் தொடக் கூடாது, அது விதி.
விதிக்குக் கட்டுப்பட்டு வெளியே வந்தேன்,
டவுன்ஹால் ரோட்டில் தவணைக்கு வாங்கிய பைனாகுலரோடு.

மேற்கே மலை எங்கே முடிகிறதென்று தெரியாத இருட்டு.
மேலே, அடேயப்பா,
ஏழும் ஏழாக இல்லை, இடையிலெல்லாம் பொடி.

உள்ளே ஃபோன்.
அக்கா, கோழிப்பண்ணைக்கா. நாலாயிரம் உருப்படி.
ஃபேன் நின்னுருச்சு, ஜெனரேட்டர்ல டீசல் இல்ல.
வாயைப் பொளந்துக்கிட்டுக் கிடக்குதுக்கா.
சின்னப் பையன் குரல்.
அஞ்சு நிமிஷத்துல வந்துரும்ப்பா.

ஐந்து, பத்து.
அப்புறம் ஒச்சப்பன்: வௌவாலு தாயி, எடுத்தாச்சு. லைன் கிளியர்.

கை பிரேக்கருக்குப் போக வேண்டும்.
போகும் வழியில், வாசலில், ஒரே ஒருமுறை கண்ணாடியைத் தூக்கினேன்.
ஆறாவதற்குப் பக்கத்தில்
இருந்தது.
வெள்ளையாக, பளிச்சென்று.
நெஞ்சு ஒரு பீட்டை விட்டுவிட்டு
அடுத்ததை அடிப்பதற்குள்
அது நகர்ந்தது. ஊர்ந்து வளையலைத் தாண்டிக்
கிழக்கே போயிற்று.
யாரோ யாருக்கோ இண்டர்நெட் கொடுக்க
ஏவிவிட்ட பெட்டி.

பிரேக்கரைப் போட்டேன்.
எழுமலைப் பக்கம் தெருத்தெருவாக
வானம் அணைந்தது.

அந்த வெளிச்சம் இங்கே வர
ஏறக்குறைய மூவாயிரம் வருஷம் ஆகுமாம்.
அப்படியென்றால் அங்கே டிரிப் ஆகி முடிந்திருக்கலாம்,
புகார்தான் இன்னும் வந்து சேரவில்லை.

மறுபடி ஃபோன். வந்துருச்சுக்கா.
அப்புறம் கொஞ்ச நேரம் ஃபேன் சத்தம் மட்டும்.
அறுபது போச்சு. அப்பா வந்தா அடிப்பாரு.

இரண்டு மணி. எழுமலை எண்பத்தெட்டு.
தடை நேரம்: பதினான்கு நிமிடம்.
காரணம்: வௌவால்.
குறிப்பு: இல்லை.
வாசலில் நின்ற அந்த இருபது விநாடிக்கு
பதிவேட்டில் கட்டம் கிடையாது.